மிளகு முடிச்சு

மத்தியானம் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்த அமீன், செருப்பைத் தேடுகிற சாக்கில் தெருமுனையை நாலைந்து தடவை எட்டிப் பார்த்துவிட்டான். செருப்பு கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. ஆசிஃபின் வண்டியைத்தான் இன்னும் காணவில்லை. காலையில் கொட்டிய மழை ஓய்ந்து, தேனாம்பேட்டைச் சந்துகளில் தேங்கிய தண்ணீருக்குப் பயந்து ஆட்டோக்கள் ஓரம் கட்டிக் கட்டிப் போய்க்கொண்டிருந்தன. வானம் உம்மென்று இருந்தது. மற்ற நாட்களில் மழையைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெய்தால் மட்டும், யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

அவனுக்கு மகள் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவனும் வஜீஹாவும் பிரிந்தபோது, ஜமாஅத்தில் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி பீர் முஹம்மது இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி முடித்த ஏற்பாடு அது. பிள்ளை தாயோடு இருக்கும். ஞாயிறு தோறும் லுஹருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தகப்பன் கையில் ஒப்படைக்க வேண்டும். சூரியன் மறைந்ததும் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முன்னால் தகப்பன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அமீனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். பிறகுதான் தெரிந்தது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணியைச் சொல்லியிருந்தால் தேவலை என்று. ஜூன், ஜூலையில் சூரியன் தாராளமாக நின்று, மகளை மெரினாவுக்குக் கூட்டிப்போய்த் திரும்பவும் நேரம் கொடுக்கும். நவம்பரில் சாப்பிட்டுக் கை கழுவி நிமிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பீர் முஹம்மது தங்கமான மனிதர். ஆனால் எந்த மாதத்தில் எப்போது இருட்டும் என்றெல்லாம் யோசித்துப் பஞ்சாயத்து செய்கிறவர் அல்ல.

மகளுக்குப் பதினோரு வயது. பெயர் தூபா. அவளை ஒரே ஒரு இரவு தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அமீனின் ஆசை. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அவள் தூங்குவதைப் பார்க்க வேண்டும். காலையில் தலை கலைந்து எழுந்து வந்து பால் கேட்பதைப் பார்க்க வேண்டும். ஊரிலே எல்லாத் தகப்பனுக்கும் சும்மா கிடைக்கிற காட்சி. இதை வஜீஹாவிடம் கேட்டதற்கு, அவள் சண்டை போடவில்லை. "நான் தடுக்க மாட்டேன். ஆனா நீங்க அவகிட்ட கேக்கக் கூடாது. கேட்டா உங்க மனசு நோகக் கூடாதேன்னு சரின்னு சொல்லிடுவா. அவளா ஆசப்பட்டு, அவ வாயால சொல்லணும்" என்றாள். அதற்குப் பிறகு வஜீஹா, பாலவாக்கத்தில் டைல்ஸ் வியாபாரம் செய்கிற ஹபீபுர் ரஹ்மானை மணந்துகொண்டு அங்கே குடிபோய்விட்டாள். அந்த வாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் வாயால் சொல்ல வைப்பதற்கு அமீன் எடுத்த முயற்சிகளை எழுதினால் சிரிப்பு வரும். மொட்டைமாடியில் பட்டம் விட்டான். பெரிய திரை டிவி வாங்கினான். ஒருதடவை பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்; அது தூபாவைவிட முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டது. எது செய்தாலும் வெயில் மஞ்சளாகத் தொடங்கியதும் தூபா சமர்த்தாக எழுந்து பையை மாட்டிக்கொள்வாள். ஸ்கூல் மணி அடித்த மாதிரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மஃரிப்புக்குள் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அவள் போகிறாள்.

இந்த வாரம் அவனுக்கு வழி கிடைத்தது தொழிலில். தி. நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு மேட்சிங் சென்டரில் அமீன் வேலை பார்க்கிறான். பெண்கள் புடவையைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார்கள். அவன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரக்கா, வெங்காயத்தோலா, மயில்கழுத்தா என்று சொல்லி, அலமாரியிலிருந்து சரியான ரவிக்கைத் துணியை உருவிப் போடுவான். அலமாரியில் கிடைக்காத நிறத்தை, கடைக்குப் பின்னால் சாயத்தொட்டி வைத்திருக்கும் இசக்கிமுத்து காய்ச்சித் தருவார். போன ஞாயிறு தூபா, வீட்டிலேயே துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற வீடியோ ஒன்றைக் காட்டி, நாமும் செய்யலாமா என்று கேட்டிருந்தாள். அமீன் இசக்கிமுத்துவிடம் போய் விவரம் கேட்டான். அவர் மயில்கழுத்து நீலச் சாயம் ஒரு பொட்டலமும், சலவைச் சோடா கொஞ்சமும் கட்டிக் கொடுத்துவிட்டு, "சாயத்துல முக்கி எடுத்து, முடிச்சப் பிரிக்காம பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருங்க பாய். ராத்திரி முச்சூடும் கெடக்கட்டும். காலைல பிரிச்சா சும்மா ஜம்முனு இருக்கும்" என்றார். அமீனுக்கு உள்ளே விளக்குப் போட்டது போல் இருந்தது. ராத்திரி முச்சூடும். காலையில் பிரிக்க வேண்டும். எந்தக் குழந்தை அதை விட்டுவிட்டுப் போகும்? இசக்கிமுத்து அதோடு நிறுத்தாமல், "அவசரம்னா இட்லிச் சட்டில வச்சு அரைமணி நேரம் ஆவி காட்டுங்க, போதும். ஆனா அந்தச் சட்டில பொறவு இட்லி அவிச்சுராதீங்க" என்றும் சொன்னார். அமீன் அந்த இரண்டாவது பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு, முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தான். தூபாவுக்கென்று வெள்ளைக் காட்டனில் ஒரு துப்பட்டாவும் வாங்கி வைத்தான்.

ஆசிஃப் வந்து சேர்ந்தபோது பாதித் தெரு காலியாகிவிட்டிருந்தது. வஜீஹாவின் தம்பி, நல்ல பையன், இரண்டு பக்கமும் கோள் சொல்லாதவன். தூபாவை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே பேசினான். நாளைக்கு வீட்டில் விசேஷமாம், சமையல்காரரைப் பார்க்கப் போகிறானாம்.

"சாய்ங்காலம் என்னால வர முடியாது பாய். நீங்களே கொண்டாந்து உட்டுடுங்க. அக்கா சொல்ச்சு" என்றான்.

என்ன விசேஷம் என்று அமீன் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. வஜீஹாவுக்குப் பிள்ளை பிறந்தது அவனுக்குத் தெரியும். ஹம்மாத் என்று பெயர் வைத்தது வரை தெரியும். நாளைக்கு நாற்பது. தாய் குளித்து எழுந்து, பிள்ளைக்குப் புதுத்துணி போட்டு, உறவுக்காரர்கள் வந்து பார்க்கிற நாள். தூபாவுக்கு நாற்பது வந்தபோது, அவளைக் கையில் வாங்கத் தெரியாமல் வாங்கி, எல்லோரும் சிரிக்க அவன் நின்றது நினைவுக்கு வந்தது. அதை அங்கேயே அமுக்கிவிட்டு மகளின் பையை வாங்கிக்கொண்டான்.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. தரையில் பழைய பேப்பர் விரித்து, இரண்டு பிளாஸ்டிக் பக்கெட், சோடாத் தண்ணீர், உப்பு, நூல்கண்டு, ரப்பர் பேண்ட், கொண்டைக்கடலை என்று கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி அடுக்கி வைத்திருந்தான். துப்பட்டாவைத் தூபாவின் கையில் கொடுத்தான். அவள் தடவிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் ஸ்கூல் பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை ஜுப்பா. அத்தனூண்டு ஜுப்பா. கைக்குட்டைக்குக் கை தைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இத மொதல்ல பண்ணலாம் அத்தா. துப்பட்டா அடுத்த வாரம். இது தம்பிக்கு. நாளைக்குப் போடணும். பாபாதான் வாங்கிட்டு வந்தாரு, ஆனா வெறும் வெள்ளையா இருக்கு" என்றாள்.

போன வாரம் வரைக்கும் ஹபீபுர் ரஹ்மான் அவள் வாயில் அங்கிளாக இருந்தார். எப்போது பாபா ஆனார் என்று அமீனுக்குத் தெரியாது. வாரத்தில் ஆறு நாளும் ஏழு ராத்திரியும் அவன் பார்க்காமல் கழிகிறது. அதற்குள் எத்தனையோ நடக்கும். முகத்தில் எதையும் காட்டாமல், ஜுப்பாவின் துணியை இரண்டு விரலால் தேய்த்து, சுத்தமான காட்டன்தான், சாயம் நன்றாகப் பிடிக்கும், தையல் நூல் மட்டும் பாலியெஸ்டர், அது வெள்ளையாகவே நிற்கும் என்று கடையில் சொல்வது போலச் சொன்னான்.

முடிச்சுப் போடுவதில் தூபாதான் மேஸ்திரி. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு, இவனை வேலை வாங்கினாள். கொண்டைக்கடலையைத் துணிக்கு அடியில் வைத்து, மேலே நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். நூல் இறுகின இடத்தில் சாயம் புகாது. பிரித்தால் வெள்ளை வட்டம் நிற்கும். முதல் கடலையை வைத்துப் பார்த்ததுமே அவள் உதட்டைப் பிதுக்கினாள். தம்பியின் முதுகே இவ்வளவுதான், இவ்வளவு பெரிய வட்டம் போட்டால் மூன்றுதான் கொள்ளும் என்றாள். இருவரும் அடுக்களைக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். பட்டாணி பெரிது. துவரம்பருப்பு தட்டையாக இருந்தது. மிளகைப் பார்த்ததும் தூபா துள்ளினாள். உருண்டையாக, பொடிசாக, தம்பியின் அளவுக்கே செய்துவைத்தது போல இருந்தது. அமீனும் சரி என்றான். கலர் பற்றித் தெரிந்த அளவுக்கு அவனுக்கு மிளகைப் பற்றித் தெரியாது.

மிளகை வைத்து முடிச்சுப் போடுவது கடலையைப் போல அல்ல. அது நழுவி நழுவி ஓடும். நூலை ஈரம் செய்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரலால் சுற்ற வேண்டும். தூபா நாலு போடுவதற்குள் அமீன் ஒன்று போட்டான். போடும்போதே மனம் எங்கெங்கோ போனது. ஜுப்பாவின் மார்புப் பக்கத்தில் ஒரு முடிச்சைச் சுற்றும்போது, இதைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் என்ன, சாயம் புகுந்து அழுக்குத் திட்டாகப் போகட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. தாய்ப்பாலைத் தவிர இன்னும் எதையும் அறியாத ஒரு குழந்தையிடம் தனக்கு என்ன பகை என்று உடனே கூசிப்போனான். ஆனால் பொறாமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பொடியன் ராத்திரி கண்விழித்தால், பக்கத்து அறையில் தூபா இருக்கிறாள். பிறந்து நாற்பது நாளில் அவனுக்குக் கிடைத்துவிட்டது அது. அமீன் நூலை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

முடித்துப் பார்த்தபோது ஜுப்பா சுருண்டு ஒடுங்கி, பாகற்காய் அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாயத்தில் முக்கி எடுத்து, பிளாஸ்டிக் கவரில் பொட்டலமாகச் சுற்றினார்கள். கையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டும் தூபாவின் விரல்கள் நீலமாகிவிட்டன. மூக்கின் நுனியில் வேறு ஒரு பொட்டு. அதைத் துடைக்கப் போய் அமீன் கன்னத்திலும் தீற்றிவிட்டான். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவள் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, இப்போது பிரிக்கலாமா என்று கேட்டாள்.

அவன் காத்திருந்த கேள்வி அதுதான். சாயம் பிடிக்க ராத்திரி முழுக்க இப்படியே இருக்க வேண்டும், காலையில்தான் பிரிக்கலாம் என்று சொன்னான். சொல்லும்போது சாயப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தான். தூபா உட்கார்ந்துவிட்டாள். வீடியோவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அதிலும் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அப்ப நான் இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன் அத்தா. காலைல நாம பிரிச்சு எடுத்துக்கிட்டு, சீக்கிரமா போயிடலாம். சரியா?"

இந்தச் சொற்களை அமீன் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கிறான். அவள் குழைந்து கேட்பாள், அடம்பிடித்துக் கேட்பாள், கட்டிக்கொண்டு கேட்பாள். இப்படி, பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரி கேட்பாள் என்று நினைக்கவில்லை. இருந்தாலும் என்ன, கேட்டுவிட்டாள். அவள் வாயால். அமீன் அப்போதே மனதுக்குள் கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட்டுவிட்டான். காலையில் பால், பிரெட், முட்டை. வஜீஹாவுக்குப் போன் செய்தான்.

விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அவளே கேட்டாளா?"

"அவளேதான்."

"சரி. சொன்ன வாக்க மாத்த மாட்டேன். இருக்கட்டும்" என்றாள் வஜீஹா. குரலில் கோபம் இல்லை; அசதி இருந்தது. பிறகு, போனைத் தூபாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

தூபா போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். தம்பி தூங்கினானா, பால் குடித்தானா, நாளைக்குக் குளிப்பாட்ட யார் வருகிறார்கள் என்று வரிசையாக விசாரித்தாள். அமீன் பக்கெட்டுகளை ஒழித்துவைக்கிற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்தான். சிணுங்கல் அழுகையாகி, போனைத் தாண்டி அறைக்குள் கேட்டது. தூபா குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மி, அவன் காதுகிட்ட வையுங்க" என்றாள்.

வைத்தார்கள் போல. தூபா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடத் தொடங்கினாள். அது பாட்டுகூட அல்ல. ஹம்மு, ஹம்மு என்று அவன் பெயரைச் சுருக்கி, ஒரே ராகத்தில் மேலும் கீழுமாக இழுப்பது. அழுகை குறையவில்லை. அவள் விடாமல் பாடினாள். ஒரு கையில் போன். மற்றொரு கை, அங்கே இல்லாத எதையோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் குரல் ஒருதரம் பிசிறியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி தொடர்ந்தாள். ராத்திரியும் இப்படி அழுதால் போன் பண்ணுங்கள், எத்தனை மணியானாலும் எழுந்துகொள்வேன் என்று தாயிடம் சொன்னாள்.

அமீன் பக்கெட்டைக் கீழே வைத்தான். அவனுக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளை இங்கே தங்கப்போவது ஜுப்பாவுக்காக. ஜுப்பா தம்பிக்காக. கட்டிலில் புதுவிரிப்பில் படுத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பாள். அவள் தூங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன், அவள் தூங்காமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாக்கு வாக்குத்தான், வாயால் சொன்னது சொன்னதுதான், இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் இந்த ராத்திரி அவனுடையது. அவனுக்கு அது வேண்டும். அதைச் சொல்ல வெட்கமில்லை, அவ்வளவு வேண்டும். சுவரில் சாய்ந்து நின்று, தரையில் கிடந்த நீலப் பொட்டலத்தையே பார்த்தான்.

தூபா போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, அமீன் அடுக்களைப் பரணிலிருந்து இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அரைமணி நேரம் ஆவி காட்டினா போதுமாம். ராத்திரி வக்க வேணாம்" என்றான், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"யார் சொன்னா?"

"சாயக்காரருதான். சொல்ல மறந்துட்டேன்."

"நீங்க எதையும் மறக்க மாட்டீங்களே அத்தா."

அவன் சட்டியைத் துடைத்தான். தூபா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து, சட்டிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சாயம் பட்ட சட்டியில் இனிமேல் இட்லி அவிக்கக் கூடாது என்று அவன் சொன்னதும் அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. அப்படியானால் எனக்கு இட்லி எப்படி என்று கேட்டாள். அடுத்த ஞாயிறுக்குள் புதுச்சட்டி வாங்கி வைக்கிறேன், இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே நீ வந்துவிடுவாய் என்றான். பொட்டலத்தைக் கவரோடு இட்லித்தட்டில் வைத்து மூடினார்கள். ஆவி வரத் தொடங்கியதும் அடுக்களை முழுக்க ஏதோ வாசனை. சாய வாசனை என்றுதான் முதலில் நினைத்தார்கள். தூபாதான் மூக்கைச் சுருக்கி, ரசம் வைக்கிற மாதிரி இருக்கிறதே என்றாள்.

முடிச்சுகளைப் பிரித்தபோது புரிந்தது. நீலம் பிரமாதமாகப் பிடித்திருந்தது. மழை விட்ட வெளிச்சத்தில் மயிலின் கழுத்தேதான். தையல் நூல் அவன் சொன்னது போலவே வெள்ளை வெளேரென்று ஓடியது. முதுகிலும் மார்பிலும் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள். ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் பழுப்பாக ஒரு பொட்டு. ஆவியில் வெந்த மிளகு ஊறி, தன் சாயத்தை இறக்கிவிட்டிருந்தது. ஜுப்பா முழுக்க மிளகு மணத்தது. துணிக் கடையில் இத்தனை வருடம் இருந்து, நிறத்துக்கு மேல் நிறம் பார்த்தவன், மிளகுக்கும் சாயம் உண்டு என்று யோசிக்காமல் போனேனே என்று அமீன் தலையில் அடித்துக்கொண்டான். தூபாவின் முகம் விழுந்துவிட்டது. பிறகு ஜுப்பாவைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கண்ணு மாதிரி இருக்கு அத்தா. நெறைய கண்ணு. எல்லாம் நம்மளையே பாக்குது" என்றாள்.

அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அமீனுக்கு வேறு பயம் வந்தது. பச்சைக் குழந்தை உடம்பு; மிளகுக் காரம் பட்டால் எரியாதா? ஜுப்பாவை வாங்கி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்றி அலசினான். சோப்புப் போட்டு அலசினான். மறுபடி தண்ணீர். தூபா போதும் போதும் என்றாள். நேரம் ஆகிக்கொண்டிருந்தது அவனுக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. கடைசியாகப் பிழிந்து, உள்பக்கத்தைத் தன் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு கன்னத்தில். பிறகு கண்ணுக்குக் கீழே, தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றான். துணி குளிர்ச்சியாக இருந்தது. அதற்குள் ஒரு முகம் இருந்தால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"எரியுதா அத்தா?"

"எரியல. இருந்தாலும் உள்ள ஒரு பனியன் போட்டுட்டு மேல போடச் சொல்லு."

எரியவில்லை என்பது நிஜம்தான். கண் கலங்கியது மிளகினால் அல்ல.

ஜுப்பா சொட்டச் சொட்ட ஈரம். மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்டால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் காயாது. அயர்ன் பாக்ஸைப் போடலாம் என்றால் கரண்ட் இல்லை. தூபாதான் சொன்னாள், வண்டியில் போகும்போது கையில் பிடித்துக்கொண்டே போனால் காற்றில் காய்ந்துவிடும் என்று. அமீன் சரி என்று ஹெல்மெட்டை எடுத்தான். கிளம்பும்போதே வெயில் போய்விட்டிருந்தது. இந்தப் பாடு பட்டதில், மஃரிப்புக்குள் பாலவாக்கம் போய்ச் சேர்வது நடக்காத காரியம். வஜீஹாவுக்குத் தகவல் மட்டும் சொன்னான். தங்கவில்லை, கூட்டிவருகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பார்த்து வாங்க என்றாள்.

தூபா பின்னால் உட்கார்ந்து, இடதுகையால் அவன் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, வலதுகையால் ஜுப்பாவை அவன் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஆழ்வார்பேட்டை தாண்டும்வரை துணி கனமாகத் தொங்கி, அவன் சட்டைமேல் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே வந்தது. மந்தைவெளியில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் இந்த ஊர்வலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர், இன்னா பாய் கொடியா என்று கேட்டுவிட்டுப் போனார். தூபா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் முதுகில் அதிர்ந்தது.

அடையாறு பாலத்தில் ஏறியபோது, எங்கிருந்தோ மஃரிப் பாங்கு கேட்டது. அமீனின் கை தானாக ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஒலி வரும்போது அவன் பள்ளிவாசல் வாசலில் வெறுங்கையோடு நின்றிருக்கிறான். இன்றைக்கு ஒலி தொடங்கி, நீண்டு, முடிந்தும்கூட, இடுப்பைச் சுற்றியிருந்த கை அப்படியே இருந்தது. தூபா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. பாலத்து விளக்குகள் எரியத் தொடங்கின. ஆற்றின்மேல் காற்று நன்றாக வீசியது.

"காயுதா?" என்று கேட்டான்.

"முதுகுப் பக்கம் காஞ்சிருச்சு. கைதான் இன்னும் ஈரம். மெதுவாவே போங்க அத்தா."

திருவான்மியூரைத் தாண்டி ஈ.சி.ஆருக்கு வந்துவிட்டார்கள். அகலமான ரோடு, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். அமீன் ஓரமாக, ஒரு சைக்கிள்காரனுக்குப் பின்னால் வண்டியை உருட்டினான். இருட்டு இறங்கியிருந்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்று ஜுப்பாவின் கழுத்து வழியாகப் புகுந்துகொள்ள, அது உப்பி நிமிர்ந்து நின்றது. அதன் குட்டிக் கை ஒன்று அவன் தோளைத் தாண்டி முன்னால் நீண்டு, கன்னத்தில் தட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. பின்னால் தூபா, ஹம்மு, ஹம்மு என்று மெல்ல ராகம் இழுக்கத் தொடங்கினாள். சைக்கிள்காரன்கூட ஒரு சந்துக்குள் திரும்பிப் போய்விட்டான். அமீன் வேகத்தைக் கூட்டவில்லை.